மச்சினியின் திரவம்

எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். பேராசிரியர் மட்டும் கணினி அறையில், திரையில் இருந்த மச்சினியின் பெயரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கணினியில் கணக்கு ஓட்டிக்கொண்டிருந்த வேறு சிலரின் பெயர்களும் இருந்தன. கண்ணை உறுத்தியது அந்த ஒன்றுதான்.

மனைவியின் தங்கை. அவரிடமே படித்தவள். அவளுக்காகத் துறைத் தலைவரிடம் பேசி வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். இப்போது எதிர் அறையில் இருக்கிறாள்.

முன்பெல்லாம் கருத்தரங்குகளில் அவளிடம், "நீங்க சாருக்கு என்ன வேணும்?" என்று கேட்பார்கள். இப்போது அவரிடம், "நீங்க மேடத்துக்கு என்ன வேணும்?" என்கிறார்கள்.

இருவருக்கும் ஒரே வேலை. திரவங்களைத் தொடாமலே ஆராய்வது. குடுவை கிடையாது, கை நனைவது கிடையாது. கணக்குக்குள் ஒரு பெட்டி, பெட்டிக்குள் சில ஆயிரம் மூலக்கூறுகள். அவற்றை மெல்லக் குளிரவைத்து, என்ன செய்கின்றன என்று பார்ப்பார்கள்.

"சமையல்கட்டுக்கு வந்து ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக் குடிக்கத் தெரியாது. இதுல தண்ணியப் பத்தி ஆராய்ச்சி வேற!" என்பாள் மனைவி.

இளம் வயதில் அவர் ஒன்று சொன்னார். மிக மிக மெதுவாகக் குளிரவைத்தால், உறைவதற்குச் சற்று முன்பு மூலக்கூறுகள் தனித்தனியாக நகர்வதை விட்டுவிடும். கூட்டம் கூட்டமாக, கை கோத்துக்கொண்டதுபோல நகரும். வரைபடத்தில் கோடு அந்த இடத்தில் வளையும்.

யாரும் மறுக்கவில்லை. யாரும் நம்பவும் இல்லை. அவ்வளவு மெதுவாகக் குளிரவைக்க அன்றைக்கு எந்தக் கணினிக்கும் பொறுமை இல்லை.

இந்தப் புதிய கணினிக்கு இருந்தது. அவர் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். விடைபெறும் உரையில் அந்த வளைவை ஒருமுறையாவது காட்டிவிட வேண்டும் என்று கணினியில் நேரம் கேட்டு எழுதினார். கேள்வி பழையது என்று, நேரம் ஒதுக்கும் குழு மறுத்துவிட்டது.

மச்சினி கேட்டாள். அவளுக்கு அள்ளிக் கொடுத்தது.

"தங்கச்சிக்குக் குடுத்தவங்க உங்களுக்கு மட்டும் ஏன் குடுக்கலையாம்?" என்று காலையில் மனைவி சாதாரணமாகத்தான் கேட்டாள்.

தினமும் வந்ததும் மச்சினி நேராக இந்த அறைக்குத்தான் வருவாள். எதையோ பார்த்துவிட்டுச் சிரித்த முகத்தோடு வெளியே போவாள். எதிரில் அவரைக் கண்டால் அந்தச் சிரிப்பு இன்னும் கொஞ்சம் பெரிதாகும். என்ன கணக்கு என்று ஒருநாள் கேட்டதற்கு, "அப்புறம் சொல்றேன் அத்தான்" என்றாள். அதன் பிறகு அவர் கேட்கவில்லை. கேட்பது தன் மதிப்புக்குக் குறைச்சல் என்று நினைத்தார்.

ஒரே ஆறுதல், இந்த வருடம் அவள் ஒரு கட்டுரைகூட வெளியிடவில்லை.

கணினியின் பொறுப்பை, மூத்தவர் என்ற மரியாதைக்காக அவரிடம் கொடுத்திருந்தார்கள். அறை சூடேறினால் எந்தக் கணக்கை வேண்டுமானாலும் அவர் நிறுத்தலாம். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

அறை சூடாக இல்லை. காதுமடல் சில்லிட்டது.

அவள் வேலை செய்யும் விதம் அவருக்குத் தெரியும். வேகம் குறைந்துவிடும் என்று இடையில் எதையும் சேமிக்க மாட்டாள். வரைபடத்துக்கான புள்ளிகள் மட்டும் பதிவாகும். மூலக்கூறுகள் எங்கே நின்றன என்பது பதிவாகாது. பாதியில் நின்றால் மறுபடி முதலிலிருந்துதான். மாணவியாக இருந்தபோது இதற்காக அவளை எத்தனை முறை திட்டியிருப்பார்!

நிறுத்தவா என்று கணினி கேட்டது.

ஆம் என்று தட்டினார்.

அவள் பெயர் திரையிலிருந்து மறைந்தது. நெஞ்சுக்குள் இறுக்கமான ஏதோ ஒன்று கழன்று விழுந்ததுபோல இருந்தது.

உடனே, அவளுக்கு என்ன போயிற்று என்று தெரிந்துகொள்ளும் ஆசை வந்தது. அவள் கணக்கைத் திறந்தார்.

தொடக்கத்தில், மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுக்கும் விசையின் அளவு இருந்தது. அந்த எண்ணை வேறு எவரும் பயன்படுத்தியதில்லை. கல்யாணமான புதிதில், ஒரு பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி அவர் கண்டுபிடித்த எண் அது. வண்டியைத் தவறவிட்டதற்காக மனைவி அன்று முழுவதும் பேசவில்லை.

கீழே, குளிரவைக்கும் வேகம். அவர் கேட்டு, குழு மறுத்த அதே வேகம்.

திரவம் அவருடையது.

வரைபடத்தைத் திறந்தார். கோடு நேராக இறங்கிக்கொண்டே வந்து, நின்றுபோன இடத்துக்குச் சற்று முன்னால் மெல்ல வளையத் தொடங்கியிருந்தது.

தொடங்கித்தான் இருந்தது. இவ்வளவு சின்ன வளைவை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது என்று அவரே பலரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். மறுபடி ஓட்டவும் வழியில்லை. மாதக் கடைசியில் அவளுக்குக் கொடுத்த நேரம் முடிகிறது.

நடைபாதையில் அவள் குரல் கேட்டது.

"அத்தான், இன்னும் அங்கதான் இருக்கீங்களா? நீங்க பட்டினி கிடந்தா அக்கா என்னைத்தான் பிடிப்பா. உங்க டப்பாவுல பாதிய நான் காலி பண்ணிட்டேன், அப்புறம் சண்டைக்கு வராதீங்க!"

காலடிச் சத்தம் நெருங்கியது. அறை சூடாகிவிட்டது என்று சொல்லலாம். மின்சாரம் போய்வந்தது என்று சொல்லலாம். அந்த வளைவையே பார்த்துக்கொண்டிருந்தார். நேற்றே வளையத் தொடங்கியிருக்கிறது. இன்று காலை இங்கே வந்தபோது அவள் இதைப் பார்த்திருப்பாள்.

அவருக்கு முன்னால் அவள் பார்த்துவிட்டாள்.

அதுதான் முதலில் சுட்டது.