ஞாபகம் வந்தால் போதும்

பெரியவரின் நெற்றியில் வழிந்த பசையை அந்தப் பெண் தன் கைக்குட்டையாலேயே ஒற்றி எடுத்தாள். "கண்ணை மூடிக்குங்க சார், உள்ள போனா எரியும்" என்றாள்.

மின்தகடுகள் பதித்த தொப்பியை டெக்னீஷியன் கழற்றி வைத்தார். ஐந்து வாரமாக, மழையானாலும் வெயிலானாலும், சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு சரியாக ஒன்பது மணிக்கு வந்துவிடுவாள். "பெத்தா இப்படி ஒரு பொண்ணைப் பெறணும்" என்று வரிசையில் காத்திருப்பவர்களிடம் டெக்னீஷியன் சொல்லாத நாளில்லை.

கத்தியும் இல்லை, ஊசியும் இல்லை. தலைக்கு மேலிருந்தே மெல்லிய மின்சாரம் செலுத்தி, முதியவர்களின் மறதியைக் கொஞ்சமாவது குறைக்க முடியுமா என்று பார்க்கும் ஆராய்ச்சி அது. சம்மதக் கடிதத்தில் வெளிநாட்டிலிருந்த மகன் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தான்.

"எல்லாருக்கும் பலன் தெரியும்னு சொல்ல முடியாதும்மா" என்று டாக்டர் முதல் நாளே எச்சரித்திருந்தார்.

"பழசு கொஞ்சம் ஞாபகம் வந்தா போதும் டாக்டர். அதுக்கு மேல நான் எதையும் கேக்கல."

வீட்டிலும் அவள் சும்மா இருக்கவில்லை. பழைய புகைப்படங்களை எடுத்துக் காட்டி, இது யார், அது யார் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். சாப்பிட்ட கை காய்வதற்குள் சாப்பிட்டதையே மறந்துவிடுகிறவர், மூன்றாவது வாரத்தில் மகன் பெயரைத் தப்பில்லாமல் சொன்னார். "நீங்க நூறு வயசு இருக்கணும் சார்" என்று மாத்திரையைக் கையில் கொடுத்தாள்.

இன்று கடைசிச் சோதனை. டாக்டர் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஐயா, என்ன தொழில் பண்ணீங்க?"

"தையல் ஃபேக்டரி. இருநூறு மெஷின்." பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஷிஃப்ட் முடியற வரைக்கும் கதவு பூட்டியேதான் இருக்கும். சாவி என் பாக்கெட்ல."

"எப்பவுமேவா?"

"எப்பவும்தான். தீப்பிடிச்ச அன்னிக்கும் என் பாக்கெட்லதான் இருந்துச்சு. திறந்து விட்டிருந்தா துணியை அள்ளிக்கிட்டு ஓடியிருப்பாளுங்க."

டாக்டரின் பேனா நின்றது. அந்தப் பெண், பெரியவரின் தோளிலிருந்து நழுவிய சால்வையை மேலே இழுத்துவிட்டாள்.

"எழுதிட்டீங்களா டாக்டர்?"

"மார்க் நல்லாவே கூடியிருக்கு. ஆனா இந்தப் பேச்சு குடும்பத்துக்கு வேண்டாத வம்பும்மா. விட்டுடட்டுமா?"

"ஒரு எழுத்துகூட விட்டுடாதீங்க. கோர்ட்ல கேப்பாங்க. ஞாபகம் இல்லாத ஆளை விசாரிக்க முடியாதுன்னுதான் ஆறு வருஷமா கேஸை நிறுத்தி வச்சிருக்காங்க."

டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "பெத்த அப்பாவையே உள்ள தள்ளப் போறீங்களா?"

"எங்கப்பா இல்லீங்க. சம்பளத்துக்குத்தான் பார்த்துக்கறேன்." அவள் சக்கர நாற்காலியின் பிரேக்கை விடுவித்தாள்.

"அன்னிக்கு அந்தக் கதவைத் தட்டினவங்கள்ல எங்கம்மாவும் ஒருத்தங்க."