சேர்மானம்

"அத்தனை சோப்பையும் சாக்கடையில கொட்டினது நீதானா?"

"நான்தான் சாயபு."

அன்னம்மாள் தலையைக் குனியாமல் சொன்னது, முதலாளி முனீர் அகமதுவின் கோபத்தை இன்னும் கிளறியது.

ஆம்பூரில் அவருடைய தோல் பதனிடும் ஷாப்பில் நாற்பது பெண்கள் வேலை செய்தார்கள். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய ஆட்டுத்தோலில் மயிர் கழிக்கிற வேலை. சுண்ணாம்பு தின்ற அந்தக் கைகளைப் பார்த்து மனசு கேட்காமல்தான் மெட்ராஸிலிருந்து ரெண்டு பெட்டி சோப்பு வரவழைத்தார். ஒரு பெட்டியைப் பிரித்து ஆளுக்கு ஒன்று கொடுத்தார். ஒரு வாரம்கூட ஆகவில்லை, அத்தனையையும் திரும்ப வாங்கிக் கொட்டிவிட்டாள்.

"நல்லது செஞ்சா இதான் பலன் சாயபு!" என்றார் நாற்காலியில் இருந்த சோப்புக் கம்பெனி ஏஜென்ட் வரதராஜுலு. "ரோஜா வாசனை சோப்பு! இதுங்களுக்கு இன்னா தெரியும்?"

மேஸ்திரி கன்னியப்பன் முன்னால் வந்தான்.

"விஷயம் வேற மொதலாளி. இவ வீட்ல கை கழுவுற பொடி இடிக்கிறா. சாயங்காலமானா இங்க வேலை செய்யுற பொம்பளைங்க அத்தனை பேரும் இவ வாசல்லதான். சோப்பு வந்தா பொடி வியாபாரம் படுத்துடுமில்ல? அதான் கொட்டிட்டா!"

"மெய்தானாம்மா?"

"பொடி இடிக்கிறது மெய்தான் சாயபு."

"அப்போ இன்னியோட உன் வேலை முடிஞ்சுது. போ."

"போறேன். அதுக்கு முன்னே சுந்தரி கையை ஒரு தடவை பார்த்துடுங்க."

வெளியே நின்ற சுந்தரி உள்ளே வந்து கையை விரித்தாள். முனீர் அகமது முகத்தைத் திருப்பிக்கொண்டார். உள்ளங்கை முழுக்க வெடித்து, சதை தெரிந்தது.

"சோப்பு போட ஆரம்பிச்சு நாலு நாளாச்சு. சோத்தைப் பிசைய முடியல. அவ புருஷன்தான் ஊட்டிவுடறாரு," என்றாள் அன்னம்மாள்.

"அது சுண்ணாம்பு பண்ண வேலை!" என்றார் ஏஜென்ட்.

"இத்தனை வருசமா அவ சுண்ணாம்புலதான் இருக்கா. இப்படி வெடிச்சதில்லீங்களே. அந்த சோப்புல இன்னா இன்னா சேர்க்கிறீங்கய்யா?"

"அதெல்லாம் கம்பெனி ரகசியம்."

"அப்போ சோப்பையே கேட்டுடலாம்."

அன்னம்மாள் மஞ்சளைக் கரைத்து ஒரு வெள்ளைத் துணியில் பூசினாள். தொட்டியிலிருந்து சுண்ணாம்புத் தண்ணீர் கொண்டுவந்து ஒரு ஓரத்தில் சொட்டினாள். மஞ்சள் சட்டென்று ரத்தமாய்ச் சிவந்தது.

பக்கத்தில், ஏஜென்ட் மாதிரிக்குக் கொண்டுவந்திருந்த சோப்பின் நுரையை வைத்தாள். அதுவும் அதே சிவப்பு.

"பார்த்தீங்களா சாயபு? ரெண்டும் ஒரே காரம்."

ஏஜென்ட் எழுந்துவிட்டார். "எந்த சோப்பு வெச்சாலும் மஞ்சள் சிவக்கும்! இது ஒரு வித்தையா?"

முனீர் அகமது யோசித்தார். பக்கத்திலேயே இருந்த தன் வீட்டுக்கு ஆள் அனுப்பி, குளிக்கிற சோப்பை எடுத்துவரச் சொன்னார். அந்த நுரையையும் துணியில் வைத்தார்கள்.

அதுவும் சிவந்தது. ஆனால் மெதுவாக, லேசாக.

"அய்யா சொன்னது சரிதான்," என்றாள் அன்னம்மாள். "எல்லா சோப்புலயும் காரம் உண்டு. உங்க வூட்டு சோப்புல கம்மி. எங்களுக்குக் குடுத்ததுல ஜாஸ்தி. சுண்ணாம்பு அரிச்ச கையில மறுபடியும் சுண்ணாம்பைத் தேய்ச்ச மாதிரி."

பிறகு, புளித்த கஞ்சித் தண்ணீரில் தன் பொடியைக் குழைத்து, சுண்ணாம்பால் சிவந்த இடத்தில் வைத்துத் தேய்த்தாள்.

சிவப்பு மங்கியது. கொஞ்ச நேரத்தில் பழையபடி மஞ்சள்.

முனீர் அகமது துணியைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதை யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தது?"

"உங்க ஷாப்புதான் சாயபு. சுண்ணாம்புல எடுத்த தோலைப் புளிச்ச தவிட்டுத் தண்ணியில போடுறீங்களே, எதுக்கு?"

"சுண்ணாம்பு போகத்தான். இல்லேன்னா தோல் வீணாப்…"

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார்.

"எங்களுதும் தோல்தானே சாயபு?"

முனீர் அகமது ஏஜென்ட் பக்கம் திரும்பினார்.

"இன்னொரு பெட்டியைப் பிரிக்கவே இல்லை. போறப்போ எடுத்துட்டுப் போயிடுங்க."

வரதராஜுலு தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறினார். அவருக்குப் பின்னால் பெட்டியும் போனது.

"அன்னம்மா, உன்னைத் தப்பா நினைச்சுட்டேன். நாளையிலேர்ந்து இங்கே உன் பொடிதான். இந்த ஊர்ல எல்லா ஷாப்புக்கும் நீயே வித்துக்கோ. நான் சொல்லிவுடறேன். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ. சேர்மானத்தை யாருக்கும் சொல்லிடாதே. அதுதான் உன் பொழைப்பு."

அன்னம்மாள் முதல் தடவையாகச் சிரித்தாள்.

"அது நடக்காது சாயபு. நான் ஒரு பிடி பொடிகூட வித்ததில்ல. சாயங்காலம் வர்றவங்க வாங்க வர்றதில்ல, கத்துக்க வர்றாங்க."

நம்பாமல் பார்த்தார் முதலாளி. அன்னம்மாள் முற்றத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏம்மா! நம்ம பொடியில இன்னா இன்னா சேருது?"

முற்றத்தில் நின்ற பெண்களின் குரல்கள் ஒன்றாக எழுந்தன.

"தவிடு ரெண்டு பங்கு! பயத்தமாவு ஒரு பங்கு! குழைக்கிறதுக்குப் புளிச்ச கஞ்சி! கழுவிட்டு ஒரு சொட்டு தேங்காயெண்ணெய்!"

அத்தனை குரல்களிலும் ஓங்கி ஒலித்தது, மேஸ்திரி கன்னியப்பனுடைய சம்சாரத்தின் குரல்.