முதலாளிக்கு ஒரு சைக்கிள்

"இந்தக் கை எதுக்கும்மா பின்னாடி கெடக்கு? முன்னாடி கொண்டாந்து ஜனங்களப் பாத்து ஆட்டச் சொல்லு" என்றார் மிக்சர் கம்பெனி முதலாளி ஆனந்தராஜ்.

திரையில் அவர் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தார். கேரியரில் மிக்சர் டப்பா. வலது கை ஹேண்டில்பாரில். இடது கை பின்னால் வளைந்து, விரல்கள் விரிந்து, டப்பாவின் மேல்.

பிரகதீஸ்வரி மவுஸை விட்டுவிட்டாள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் டிசைன் கடை வைத்திருப்பவள். மீசையைக் கருப்பாக்கச் சொன்னார், ஆக்கினாள். வயிற்றைக் குறைக்கச் சொன்னார், குறைத்தாள். அந்தக் கையை மட்டும் தொடுவதாக இல்லை.

ஆனந்தராஜுக்குப் புதுக்கோட்டையில் ஆறு கடை, கீரமங்கலத்தில் ஒன்று. இனி வெப்சைட். அதைத் திறந்தவுடன், முதலாளி அடிமட்டத்திலிருந்து முன்னேறிய வரலாறு அனிமேஷனாக ஓட வேண்டும்.

வரலாற்றுக்கு ஆதாரமாக அவர் தந்த ஒரே பழைய போட்டோவில், கோட்டு போட்டுக்கொண்டு தன் அப்பாவின் அம்பாசிடர் காரில் சாய்ந்து நின்றார்.

"காரை எடுத்துட்டு சைக்கிளப் போட்டுரு" என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்.

போட்டுவிட்டாள். கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது போல, சக்கரம் ஒரு லேயர், பெடல் ஒரு லேயர், கால் முட்டிக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. மேட்டில் சீட்டை விட்டு லேசாக எழும்புவது, இறக்கத்தில் பெடலை நிறுத்திவிட்டுக் காற்று வாங்குவது, அப்போது முதுகில் உப்பிக்கொள்ளும் சட்டை எல்லாம் அச்சாக வந்திருந்தன. மாதிரிக்கு ஒரு படம்கூடப் பார்க்காமல் வரைந்தது. கடைசியில் கழுத்துக்கு மேல் ஆனந்தராஜை வைத்தாள்.

"கையை ஆட்டினா பைல் கனத்துரும் சார். போன்ல தொறக்காது."

பச்சைப் பொய். தோளில் ஒரு புள்ளியை ஊன்றித் திருப்பினால் கை உடனே ஆடும்.

"வெக்டர்ல அது ஒரு தொந்தரவு" என்று, எங்கோ கேட்ட கம்ப்யூட்டர் வார்த்தையை வைத்து ஆனந்தராஜ், பக்கத்தில் நின்ற மேனேஜர் சந்தனத்துக்கு விளக்கினார். ஆனாலும் கை அவரை உறுத்தியது. "பாக்குறவன் மொதலாளிக்கு ஒரு கை வெளங்காதுன்னுல்ல நெனைப்பான்?"

"ரோடு குண்டும் குழியுமா இருக்கும்ல சார். புடிக்கலன்னா விழுந்துரும்."

சொல்லும்போதே அவள் குரல் இறங்கிவிட்டது. அதை அவர் கவனிக்கவில்லை. மேடு வந்தது, திரையில் ஆள் எழும்பினார். பள்ளம் வந்தது, சைக்கிள் குலுங்கியது. பின்னால் இருந்த கை பிடியை விடவில்லை.

ஆனந்தராஜுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஆமாம்மா. குளத்தூர் ரோட்ல இப்படித்தான் ஒத்தக் கையால ஓட்டிக்கிட்டு வருவேன். டப்பா விழுந்துருமேன்னு அம்புட்டுப் பயம்."

"நாந்தான் பாத்திருக்கேனே மொதலாளி" என்றார், போன வருஷம் வேலைக்குச் சேர்ந்த சந்தனம்.

கை தப்பித்தது.

அந்தக் கஷ்ட காலத்தை நினைத்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஆனந்தராஜ் கீழே இறங்கிப் போனார். டிரைவர் ஏசியைப் போட்டுத் தயாராக வைத்திருந்தார்.

படத்தை வெப்சைட்டுக்கு எக்ஸ்போர்ட் செய்வதற்கு முன், மறைத்து வைத்திருக்கும் லேயர்களை அழித்துவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அவை பைலோடு போய் எடையைக் கூட்டும்.

இரண்டு இருந்தன.

முதலாளியின் முகத்துக்கு அடியில், அவளுடைய அப்பாவின் முகம். அழித்தாள். பைலின் எடையில் நாலு கேபி குறைந்தது.

மிக்சர் டப்பாவுக்கு அடியில், யூனிபார்மும் ரெட்டைச் சடையுமாக, உட்கார்ந்தபடியே தூங்கி வழிந்துகொண்டிருந்த இரண்டாம் வகுப்பு பிரகதீஸ்வரி.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவளையும் அழித்தாள்.

சைக்கிள் முன்னைவிட லேசாக ஓடியது.