கமாவுக்குப் பின்னால்

நவம்பர் பதினான்கு, வெள்ளிக்கிழமை. தெற்கிலிருந்து யூகோ காற்று வீசியது. வானம் தாழ்ந்து கிடந்தது. ஒரு படகும் கரையை விட்டு நகரவில்லை.

கடலுக்குப் போக வழியில்லாத ஆண்கள் யாவரும் தீவின் ஒலிவ எண்ணெய்ச் சங்கக் கூடத்தில் வந்து அமர்ந்திருந்தனர். அவர்களுடைய ஈர மேலங்கிகளின் வாடை தோப்ரிலாவுக்குக் குமட்டலைத் தந்தது.

அவள் அச்சங்கத்தின் ஒரே எழுத்தர். அறுவடை முடிந்ததும் சோதனைக் கருவி ஒவ்வொருவரின் எண்ணெய்க்கும் ஓர் உரைக்கோப்பைத் தரும். அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து, எண்களை எக்செல் அட்டவணையில் தட்டச்சு செய்வதே அவளுடைய பணி. அவள் வீட்டு அடுப்பு அதில்தான் எரிந்தது.

அந்தப் பணி இனித் தேவையா என்பதை இன்று கைதூக்கி முடிவு செய்யவிருந்தார்கள்.

தலைவர் லூக்ஷாவின் அக்காள் மகன் ப்ரோஷ்பெர், பெருநகரில் மூன்று மாத வகுப்புக்குப் போய்விட்டு வந்து, அதே வேலையைச் செய்யும் ஒரு கணினி நிரல் எழுதியிருந்தான். விசையை ஒருமுறை தட்டினான். கோப்புகள் அனைத்தும் ஒரே அட்டவணையாகச் சுவரில் விரிந்தன. புதுக் கப்பலைக் கடலில் இறக்கியவனைப் போல நிமிர்ந்து நின்றான்.

எல்லோருடைய எண்ணெயிலும் அமிலம் பூஜ்யம்.

அந்நாட்டில் தசமத்துக்குப் புள்ளி கிடையாது, கமாதான். பூஜ்யம் கமா எட்டைத் தாண்டிய எண்ணெய் முதல் தரம் ஆகாது. இவ்வாண்டு பாதிப் பேர் தாண்டியிருந்தார்கள். நிரலோ கமாவில் வெட்டி, பின்னாலிருந்த எட்டையும் ஒன்பதையும் அடுத்த கட்டத்துக்குத் தள்ளிவிட்டது.

தோப்ரிலா காத்திருந்தாள்.

பறித்த காய்களைப் பூஞ்சை பூக்கும்வரை சாக்கில் போட்டு வைத்திருந்தவர் கிழவர் குஸ்மா. அவருடையதும் பூஜ்யமாம். பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சிரிக்கும். ஒரு மீனின் எடைக்காக நாள் முழுக்கச் சண்டையிடும் இந்த மடையர்களுக்குச் சுவரளவு எண் கண்ணில் படவில்லை. எழுதியவனாவது பார்த்தானா? அவன் சுவருக்கு முதுகு காட்டி நின்றுகொண்டிருந்தான்.

யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள்.

இனிப் பொறுப்பதில் பயனில்லை என்று அவள் எழுந்தாள். முதல் வகுப்புக்குப் பாடம் எடுப்பதுபோல, வெட்டு எங்கே விழுந்தது, எண் எங்கே போனது என்று நிறுத்தி நிறுத்தி விளக்கினாள். உங்களில் பாதிப் பேரின் எண்ணெய் இரண்டாம் தரம் என்று சொல்லி முடித்தாள்.

லூக்ஷா சன்னலைப் பார்த்தார். ப்ரோஷ்பெரின் காதுகள் சிவந்தன.

குஸ்மா தலையைத் திருப்பாமலே பேசினார்.

“அந்த ஒம்பது எங்க போச்சுன்னு எங்களுக்குத் தெரியாதுன்னா நெனச்ச? எங்க எண்ணெய நாங்க நக்கிப் பாக்காமயா இங்க வந்து உக்காந்திருக்கோம்? பையன் நல்லாத்தான் செஞ்சிருக்கான். நீ உக்காரு தாயி.”

இப்போது சிரிப்பு எழுந்தது. அவள் எதிர்பார்த்திருந்த அதே சிரிப்புதான்.

நிரலுக்காகக் கைகள் உயர்ந்தன. எண்ண வேண்டிய தேவை இருக்கவில்லை.

கூடம் காலியான பின், ப்ரோஷ்பெர் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டு அவளருகே வந்தான். வாசலில் நின்றவர்களுக்குக் கேட்டுவிடாதபடி குரலைத் தாழ்த்தினான்.

“இடைவெளியில மட்டும் வெட்டினாப் பத்தாது, கமாவுலயும் வெட்டுன்னு திங்கக்கெழம நீங்கதானேக்கா சொன்னீங்க?”

அவன் குரலில் குற்றச்சாட்டு இல்லை; உண்மையாகவே சந்தேகம் கேட்டான். தோப்ரிலா கூடத்தின் சாவியை மேசைமேல் வைத்தாள்.

மாலை ஐந்து மணி நாற்பத்திரண்டு நிமிடம்.