கோயில் வாசலில் மாறிய செருப்பு

அந்தத் தீவில் யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. படகுத்துறையில் மாட்டிவிடும் செருப்பே எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அந்தப் பக்கம் காலை மெல்லக் கிள்ளும். இந்திராணியின் நான்கு நாள் பயணத்தை மகன் நிதிலன் சென்னையில் இருந்தபடியே திட்டமிட்டு அதில் ஏற்றியிருந்தான். முட்டிவலிக்கார அம்மாவுக்குப் படி கிடையாது, மணல் கிடையாது, நூறடிக்கு ஒரு பெஞ்சு.

இரண்டாம் நாள் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வந்தவள், வாசலில் ஒரே மாதிரிக் கிடந்த செருப்புகளில் ஒரு ஜோடியை மாட்டிக்கொண்டு நடந்தாள். அது எந்தப் பெஞ்சிலும் நிற்கவில்லை. நேராகப் பாறைக்குன்றின் மேல் ஏற்றியது. முட்டியைப் பிடித்துக்கொண்டு, மகனைத் திட்டிக்கொண்டே ஏறினாள். உச்சியில் நாலா பக்கமும் கடல்! திட்டு பாதியில் நின்றது. மறுபுறம் இறக்கி, செருப்பு அவளை ஒரு பாய்மரப் படகில் கொண்டுபோய் விட்டது. முதல் அலை முகத்தில் அறைந்ததும் ஐம்பத்தெட்டு வயது இந்திராணி 'ஓ'வென்று கூவினாள்.

அப்போது போன் அடித்தது.

"அம்மா, உன் செருப்பு ஒரு மணி நேரமா பெஞ்சுலயே இருக்குதுன்னு காட்டுதே. முட்டி வலிக்குதா?"

அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. யாரோ பாவம், அவள் செருப்பை மாட்டிக்கொண்டு அவளுக்குப் பதிலாக அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்.

"இல்லடா கண்ணு, இங்க காத்து நல்லா வருது."

மறுநாள் விடிந்ததும் கோயிலுக்கு ஓடினாள். பிள்ளையாருக்கு அவசரமாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்து, கிடந்த செருப்புகளிலேயே அதிகம் தேய்ந்த ஜோடியைத் தேடினாள்.