விசில் அடித்த மைனா

ஆனி 9, காலை ஏழு மணி. சமையலறைச் சுவரின் பொந்தில் மூன்று மைனாக் குஞ்சுகள் தாயைக் கண்டு வாய் திறந்தன. இரண்டு "அம்மா" என்றன. மூன்றாவதான பொட்டு, வீட்டுக்குள்ளிருக்கும் குக்கரைப் போலவே விசில் அடித்தது.

"நம்ம குரல்ல கூப்பிடுடா தங்கம். உன்னால முடியும்," என்றது தாய்.

மறுபடியும் விசில்தான் வந்தது.

அன்றிலிருந்து பொட்டு "அம்மா" என்று சொல்ல முயன்றால் கொழுத்த வெட்டுக்கிளி கிடைத்தது. விசில் அடித்தால் தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பத்தாம் நாள் விசில் நின்றுபோனது. தாய் அதைப் பக்கத்து மரத்து அணிலிடம் பெருமையாகச் சொன்னது.

"அடிப்பாவி," என்றது அணில். "நீ இரை தேடப் போனா அவன் மூச்சு விடமாட்டான். உன் தலை தெரிஞ்சாத்தான் அந்த விசில். வேற யாருக்கும் அவன் அடிச்சதே இல்ல."

"முன்னாடியே சொல்லக் கூடாதா அக்கா?"

"நீ எங்க கேட்ட?"

தாய் பொந்துக்குத் திரும்பி, தனக்கு வந்த மாதிரி விசில் அடித்துப் பார்த்தது. பொட்டு வெட்டுக்கிளிக்காகக் காத்திருந்தது.

ஆனி 21 அன்று பொட்டு தெளிவாக "அம்மா" என்றது. இரையோடு வந்த அப்பாவிடமும் அதையே சொன்னது. பிறகு சுவரில் வந்து உட்கார்ந்த காக்கையிடமும் சொன்னது.