சீனியர்களுக்கான மூன்று நாள் வகுப்பு

ஜன்னல் திரையின் இடுக்கு வழியே வெயில் மேசைமேல் கோடு கோடாக விழுகிறது. மேலாண்மைக் கல்லூரியில் பட்டப்படிப்புச் சேர்க்கைக்கான நேர்காணல் அறை. எதிரே இருக்கும் இளம் பேராசிரியர் நடுத்தர வயதுக்காரியான அவளுடைய விண்ணப்பத்தில் பிறந்த தேதியைச் சுழித்துவிட்டு, பேனாவை அங்கேயே ஊன்றியிருக்கிறார். "மேடம், கூடப் படிக்கப்போறது எல்லாம் சின்னப் பசங்க. ஈடு குடுக்க முடியுமா?" அவருக்குப் பக்கத்து நாற்காலியில் இருக்கும் அம்மாள் பரிதாபப்பட்டுச் சிரிக்கிறாள். வெளியே காத்திருக்கும் அந்தப் பசங்கள் சற்றுமுன் விண்ணப்பித்து வந்த இவளைத்தான் பேராசிரியை என்று நினைத்து, எழுந்து நின்று குட்மார்னிங் சொன்னார்கள். இவளுக்குச் சுருக்கென்கிறது. "பஸ் டிப்போவுல இருபத்துநாலு வருஷமா முந்நூறு டிரைவருக்கு டூட்டி போடறேன், சார். நாற்பது பேர் வரலேன்னாலும் அஞ்சு மணி வண்டி அஞ்சு மணிக்குக் கிளம்பும்." "அது அனுபவம், மேடம். இது படிப்பு." வழவழப்பான வண்ணத்தாள் ஒன்று அவள் பக்கம் நகர்ந்து வருகிறது. "உங்கள மாதிரி சீனியர்களுக்குன்னே மூணு நாள் வகுப்பு. பரீட்சை கிடையாது, சர்டிஃபிகேட் உண்டு." காது மடல் கொதிக்க, அவள் ஒற்றை விரலால் தாளைத் திருப்பித் தள்ளுகிறாள். "டிப்போ மேனேஜராக இந்தப் பட்டம் வேணுங்கறாங்க. நான் வேலை கத்துக்குடுத்த மூணு பேரு என் தலைக்கு மேல போய் உக்காந்தாச்சு. மூணு நாள் வகுப்ப வெச்சு நான் என்ன பண்றது?" பேராசிரியர் பேனாவை மூடி, விண்ணப்பத்தை ஓரமாக வைக்கிறார். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறாள். "ஆளுக்கு இருபது நிமிஷம்னு போட்டிருக்கீங்க. எனக்கு இன்னும் ஏழுகூட ஆகல. கேளுங்க, சார்."